சொல் விளக்கம்: பலாட்ஸோ

ஜவுளிக்கடையில் 'பலாஸோ' என்றால் கால் அகன்ற பேன்ட்டை எடுத்துப் போடுவார்கள். அந்தப் பெயரும் இத்தாலியச் சொல்லான 'பலாட்ஸோ'விலிருந்து வந்ததுதான். இங்கே பேசுவது கட்டடத்தைப் பற்றி.

மூலம் லத்தீன் 'பலாத்தியும்'. ரோமின் ஏழு குன்றுகளுள் ஒன்றுக்கு அது பெயர். அகஸ்டஸும் பின்வந்த பேரரசர்களும் அங்கே வசித்ததால், குன்றின் பெயர் அவர்கள் வீட்டுக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இது இடவாகுபெயர். ஆங்கில 'பேலஸ்' இதன் வழிவந்ததே. இத்தாலியிலோ சொல் அரசரோடு நிற்கவில்லை. செல்வக் குடும்பத்தின் நகர வீடு, நகராட்சிக் கட்டடம், இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பு எல்லாமே பலாட்ஸோதான்.

ஆகவே 'அரண்மனை' என்று பெயர்ப்பது பிழை. அரண் சூழ்ந்த மனை அரசனுடையது. ரோமில் பிரெஞ்சுத் தூதரகம் இயங்கும் பலாட்ஸோ ஃபர்னேசேயைத் தொடங்கியவர் அரசரல்ல; ஒரு கர்தினால், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்பதவியாளர், அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசே. 1534இல் அவர் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஆனதும் திட்டம் பெரிதானது. அப்போதும் அது குடும்ப வீடுதான். 'ஃபர்னேசே மாளிகை' என்பதே சரி.

அதன் உறுப்புகளுக்கும் தமிழில் சொல் உண்டு. தரைத்தளத்துக்கு மேலே உள்ள முதன்மைத் தளம் 'பியானோ நோபிலே'. தெருவின் சத்தமும் ஈரமும் எட்டாத உயரத்தில் வரவேற்புக் கூடங்கள் அங்கே அமைந்தன. இதை 'உன்னதத் தளம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் இருந்தது 'நெடுநிலை மாடத்து இடைநிலத்து'. அரசனல்லாத வணிகன் வீடு, அதன் நடுத்தளம்! மூன்று தளங்கள் கொண்ட ஃபர்னேசேக்கு 'இடைநிலம்' அப்படியே பொருந்துகிறது. சுவர் உச்சியில் முன்னே நீளும் 'கொர்னிச்சோனே' நம் சிற்பிகளின் கொடுங்கை. 1546இல் கட்டடக் கலைஞர் சங்கல்லோ இறந்தபின் பொறுப்பேற்ற மைக்கலாஞ்சலோ, மேல்தளத்தை உயர்த்தி இந்தக் கனத்த கொடுங்கையை வைத்தார். மரத்தில் மாதிரி செய்து ஒரு மூலையில் ஏற்றிப் பார்த்தார்கள் என்கிறார் அக்காலக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி. முகப்பில் மேலிரு தளங்களிலும் தலா 13 சாளரங்கள், நடுவே முற்றம். டைபர் நதியை நோக்கிய பின்புறத்தைக் கட்டடக் கலைஞர் ஜாக்கோமோ டெல்லா போர்த்தா 1589இல் முடித்தார்.

தூதரகம் வந்தது 1874இல். பிரான்ஸ் 1911இல் மாளிகையை விலைக்கு வாங்கியது. 1936இல் இத்தாலி திரும்ப வாங்கி, பெயரளவு வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகை கொடுத்தது. வத்திக்கானுக்கான பிரெஞ்சுத் தூதரகம் வேறு. அது வில்லா போனபார்த்தேயில் இருக்கிறது. தோட்டத்துக்குள் நிற்பது வில்லா, தெருவை ஒட்டி எழுவது பலாட்ஸோ.

குத்தகைக்கு ஈடாகப் பாரிஸில் இத்தாலித் தூதரகத்துக்குக் கிடைத்தது 'ஓத்தெல் த புவாஜ்லென்'. பெயரைப் பார்த்து 'ஹோட்டல்' என்று எழுதிவிட வேண்டாம். பழைய பிரெஞ்சு வழக்கில் அதுவும் பிரபுக்களின் நகர வீடு, அதுவும் மாளிகையே.