டெம்பரேச்சர் முள்ளு நடுவுல நிக்குதேன்னு நம்பிடாதீங்க

போன வாரம் ஷெட்டுக்கு கட்டி இழுத்துட்டு வந்த ஆடி எஸ்4 இந்த சீசன்ல எனக்கு மூணாவது. மூணுக்கும் ஒரே கதைதான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல நாலாவது லேப்ல வண்டி இழுக்கல, அப்புறம் டகடகன்னு சத்தம் (சூட்டுல பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள்ள தானா வெடிக்கிற சத்தம்), அதுக்கப்புறமும் இந்த வண்டியோட ஓனர் ரெண்டு லேப் ஓட்டியிருக்கார். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளை பீங்கான் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்பு பொட்டு, நடுநடுவுல பளபளன்னு வெள்ளிப் புள்ளி. அந்தப் புள்ளி பிஸ்டன்ல இருந்து உருகி வந்த அலுமினியம். வயிறு கலங்கிடுச்சு எனக்கு.

"முள்ளு 90ஐத் தாண்டவே இல்லண்ணே"ங்கிறார். இதையேதாங்க எல்லாரும் சொல்றீங்க! அந்த முள்ளு காட்டுறது இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணியோட, அதாவது கூலன்ட்டோட சூடு, சிலிண்டருக்குள்ள போற காத்தோட சூடு இல்ல. ரெண்டும் வேற வேற. அதுலயும் நிறைய வண்டில கூலன்ட் கொஞ்சம் ஏறி இறங்குனாலும் முள்ளு நடுவுலயே நிக்கிற மாதிரி கம்பெனியிலயே வச்சு அனுப்புறாங்க. 35 டிகிரி வெயில்ல காத்த இழுத்து 0.8 பார் அமுக்குனா சூப்பர்சார்ஜரை (இன்ஜின் பெல்ட்ல சுத்தி காத்தை அமுக்கி உள்ள தள்ளுற கருவி) விட்டு வரும்போது 110, 120 டிகிரி இருக்கும், அதை இறக்குறது இன்டர்கூலர் (அந்தக் காத்தைத் தண்ணி வச்சுக் குளிர வைக்கிற பாகம்) மட்டும்தான், அது வேலை செய்யுதான்னு டேஷ்போர்டுல எந்த முள்ளும் சொல்லாது. வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ரீடர் மாட்டி இன்டர்கூலருக்கு அப்புறம் இருக்கிற சென்சாரோட ரீடிங்கைப் பாருங்க, லேப்புக்கு லேப் குறிச்சு வைங்க.

இவர் வண்டில பவர் ஏத்த சூப்பர்சார்ஜருக்கு சின்ன புல்லி, கோன் ஏர் ஃபில்டர், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது) எல்லாம் இருக்கு. இன்டர்கூலர் தண்ணி ஓடுற லைன்ல மட்டும் யாரும் கையே வைக்கல. சின்ன புல்லி போட்டா சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமா சுத்தும், சூடும் கூடும். டைனோல (நின்ன இடத்துலயே பவர் அளக்குற மெஷின்) ஒரு தடவை ஓட்டி நம்பர் காட்டுறது ஈஸி, மூணாவது லேப்லதான் வண்டி யாருன்னு தெரியும். காத்து சூடானா ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க் டைமிங்கைக் குறைச்சு இன்ஜினைக் காப்பாத்தும், ரீமேப் பண்ணவர் அந்த டேபிளையும் தளர்த்தி விட்டிருக்கார். இத நான் மன்னிக்கவே மாட்டேன். இன்டர்கூலரோட எலக்ட்ரிக் பம்ப் செத்துக் கிடந்துச்சு. ஒரு ஹோஸ் கொதிக்குது, இன்னொண்ணு பச்சைத் தண்ணி மாதிரி. தொட்டுப் பாத்திருந்தா போதுமே!

டிராக் நாளுக்கு முன்னாடி பம்ப் ஓடுற சத்தத்தைக் கேளுங்க. கூலன்ட் மாத்துனா வேக்குவம் போட்டு ஏர் எடுங்க, உள்ள ஏர் குமிழி நின்னா பம்ப் சும்மாதான் சுத்தும். போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சிரும். நம்ம ஊர்ல தண்ணி உறையப் போறதில்ல, டிஸ்டில்டு வாட்டரோட துரு பிடிக்காம இருக்கிற கெமிக்கல் கலந்தா சூட்டை நல்லாவே இழுக்கும். முன்னாடி ரேடியேட்டர்ல பூச்சி, மண்ணு அடைஞ்சிருந்தா கழுவுங்க, ஓரத்துல இருக்கிற இடுக்கை ஸ்பாஞ்ச் வச்சு மூடுங்க, இல்லன்னா காத்து சுலபமான வழியில சுத்திப் போயிரும். ஐஸ் போடலாமான்னு கேக்குறீங்க, 400 மீட்டர் நேர் ரேஸுக்கு சரி, சர்க்யூட்ல சில நிமிஷத்துல கரைஞ்சிரும். காத்தைக் குளிர வைக்க மெத்தனால் ஸ்ப்ரே பண்றவங்க கவனம், அது விஷம், எரிஞ்சா வெயில்ல தீயே கண்ணுக்குத் தெரியாது.

ஓபிடில காத்தோட ரீடிங் 50 டிகிரில ஆரம்பிச்சு 75ன்னு ஏறிட்டே போனா ஒரு லேப் மெதுவா ஓட்டி இறக்குங்க. பிட்டுக்கு வந்ததும் பட்டுன்னு ஆஃப் பண்ணாதீங்க, போனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் ஐடில்ல விடுங்க. டகடகன்னு சத்தம் வந்தா மட்டும் லேப்பை முடிச்சிரலாம்னு பாக்காதீங்கப்பா, கெஞ்சிக் கேக்குறேன், அங்கயே ஓரங்கட்டுங்க.