ஒரு காருக்கு இரண்டு சாவி வேண்டாம்

போன ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, ஒரு மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கணவரை வார்டில் சேர்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வந்தவர், அவருடைய பழைய புரோட்டான் இஸ்வாரா காரைத் திறக்க முடியாமல் நின்றிருக்கிறார். கொத்தில் நான்கு சாவிகள். கதவுக்கு ஒன்று, ஸ்டார்ட் செய்யும் இக்னிஷனுக்கு ஒன்று, மற்ற இரண்டும் வீட்டுச் சாவி. இருட்டில் இக்னிஷன் சாவியைக் கதவில் நுழைத்துப் பலமாகத் திருப்பியதில் அது பாதியில் முறிந்துவிட்டது. "எது எந்தச் சாவின்னு அவருக்குத்தான் தம்பி தெரியும்" என்று அழுதார்.

கோலாலம்பூர் செந்தூலில் சாவிக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கதை புதிதல்ல. சாவித் தலையில் நகப்பூச்சால் பொட்டு வைத்து, டேப் சுற்றி, பல வருடம் ஓட்டிவிடுகிறார்கள். ஓட்டுபவருக்குப் பழகிவிடும். அவசரத்துக்குக் காரை எடுப்பது மனைவியோ பிள்ளையோ ஆயிற்றே!

1985-இல் வந்த புரோட்டான் சாகா ஆகட்டும், 1994 முதல் 2009 வரை வந்த பெரோடுவா கஞ்சில் ஆகட்டும், தொழிற்சாலையிலிருந்து வரும்போது கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவிதான். இன்று பொருந்தவில்லை என்றால், நடுவில் யாரோ ஒரு பூட்டை மாற்றியிருக்கிறார்கள். திருடன் கதவுப் பூட்டைக் குத்திக் கெடுத்திருக்கலாம். இக்னிஷன் தேய்ந்துபோய், பழைய உதிரிபாகக் கடையிலிருந்து வேறொரு காரின் பூட்டை வாங்கிப் போட்டிருக்கலாம்.

எதை மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்க நான் முதலில் போவது இடது பக்கக் கதவுக்கு. நம் ஊரில் ஓட்டுநர் இருப்பது வலப்பக்கம், அதனால் இடது பூட்டில் சாவி போடுவது அரிது. தேய்மானமும் குறைவு, யாரும் கைவைத்திருக்கும் வாய்ப்பும் குறைவு. இடது கதவும் பின்மூடியும் இக்னிஷன் சாவிக்குத் திறந்தால், மாற்றப்பட்டது ஓட்டுநர் கதவு. அவை ஓட்டுநர் கதவுச் சாவிக்குத் திறந்தால், மாற்றப்பட்டது இக்னிஷன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டாவது நிலையைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். இக்னிஷன் மாற்றப்பட்டதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். ஆனாலும் திருட்டு வண்டியாக இருந்துவிடக் கூடாது, சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் கிராண்டோடு (காரின் உரிமைப் பத்திரம்) ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும். புதுப் பூட்டு செட் வாங்கத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். இந்தப் பழைய கார்ப் பூட்டுகளுக்குள் ஓர் உருளை இருக்கும். அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். தகடுகள் எல்லாம் ஒரே அளவு அல்ல, நாலைந்து அளவுகளில் வரும். பலவற்றில் அளவு எண்ணே பொறித்திருக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடும் உருளையின் மேல்மட்டத்துக்குச் சமமாக இறங்கும், உருளை சுழலும். ஒரே ஒரு தகடு நீட்டிக்கொண்டிருந்தாலும் சுழலாது. ஆகவே பொருந்தாத பூட்டைக் கழற்றி, நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும் சாவியை உள்ளே விட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளை மட்டும் எடுத்துவிட்டுச் சரியான அளவை வைத்தால் போதும். பல நேரம் அதே பூட்டின் தகடுகளை இடம் மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சாவி உள்ளேயே நுழையவில்லை என்றால் கதை வேறு. பூட்டு வேறு மாடலுடையது, சாவித் துவாரமே வேறு. அதற்கு அந்த மாடலின் பூட்டைத் தேடித்தான் ஆக வேண்டும்.

பெரும்பாலும் நான் கதவைத்தான் இக்னிஷனுக்கு ஏற்ப மாற்றுவேன். இக்னிஷனில் தகடுகள் அதிகமாக இருப்பது வழக்கம், அதன் சாவியில் முழு அளவும் இருக்கும். சாவித் தலைக்குள் சிப் உள்ள கார் என்றால் கேள்வியே இல்லை. அந்தச் சாவியைத் தூக்கிப்போட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

இப்போது நான் கோபப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சிலர் நேரத்தை மிச்சம்பிடிக்க, பொருந்தாத தகடுகளை எடுத்து எறிந்துவிட்டு, மீதி இரண்டு மூன்றை மட்டும் வைத்து மூடிவிடுகிறார்கள். இன்னும் சிலர் தகடுகளை அரத்தால் ராவிவிடுகிறார்கள். சாவி அழகாகத் திறக்கும், நீங்களும் நன்றி சொல்லிவிட்டுப் போவீர்கள். ஆனால் அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கார்ச் சாவிக்கும் அது திறக்கலாம், ஒரு ஸ்குரூடிரைவருக்கும் திறக்கலாம். இக்னிஷனில் இப்படிச் செய்தால் வண்டி ஓடும்போதே சாவி நழுவி விழலாம். குனிந்து தேடும் அந்த இரண்டு விநாடியை நெடுஞ்சாலையில் நினைத்துப் பாருங்கள்.

நீங்களே சோதிக்கலாம். வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சாவியைப் பாதி வெளியே இழுத்த நிலையில் திருப்பிப் பாருங்கள். திரும்பக் கூடாது. திரும்பினால் உள்ளே தகடுகள் இல்லை, அல்லது தேய்ந்துவிட்டன. கதவிலும் அப்படியே.

தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுத்தால் தேய்மானத்துக்கும் சேர்த்தே நகல் கிடைக்கும். நல்ல கடைக்காரர் இடது கதவின் தகடுகளையோ, சில பூட்டுகளில் பொறித்திருக்கும் சாவி எண்ணையோ பார்த்து, பழைய அசல் அளவுக்கே வெட்டித் தருவார். கேட்டு வாங்குங்கள்.

கதவுப் பூட்டைக் கழற்ற உள்பக்க அட்டையைப் பிரிக்க வேண்டும். அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். வேலை முடிந்ததும் அது திரும்ப ஒட்டப்பட்டதா என்று நின்று பாருங்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீரைக் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். கோலாலம்பூரின் மாலை மழைக்கு ஒரே வாரத்தில் கால்மிதி ஊறிவிடும். அப்புறம், பூட்டுக்கு கிராஃபைட் தூள் போதும். எண்ணெய் விட்ட பூட்டில் அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து பசையாகிவிடும்.

வரும்போது ஐசியும் (அடையாள அட்டை) கிராண்டும் கொண்டு வாருங்கள். நான் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. கேட்காமல் கார்ச் சாவி வெட்டித் தரும் கடைக்கு நீங்கள் போகாதீர்கள், உங்கள் காரையும் யாராவது அங்கே கொண்டு போகலாம்.

அந்த அம்மாவின் கணவர் குணமாகி, ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். இரண்டு கதவு, பின்மூடி மூன்றையும் இக்னிஷன் சாவிக்கே கொண்டுவந்தேன். நகல் இரண்டு கேட்டார். ஒன்றை அங்கேயே அம்மாவின் கையில் கொடுத்து, நான்கு பூட்டையும் அவரையே திறந்து பார்க்கச் சொன்னார்.