வழியில் தொலையும் வோல்ட்

பழைய கார் ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே பழி விழுவது பேட்டரி மேல். புது பேட்டரி மாட்டியதும் வண்டி கிளம்பிவிடும். கோளாறு அதுதான் என்று நாமும் நம்பிவிடுவோம். சில மாதங்களில் மறுபடியும் அதே 'டக்'. இப்படி இரண்டு பேட்டரி மாற்றிய பிறகுதான் நான் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். கோளாறு பேட்டரியிலும் இல்லை, இன்ஜின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

ஆல்டர்நேட்டருக்குள் சுழலும் ரோட்டார் ஒரு மின்காந்தம். கார்பன் பிரஷ் வழியாக அதற்குச் சில ஆம்பியர் மின்னோட்டம் போகிறது. பெல்ட் இழுத்து ரோட்டார் சுற்றும்போது, அதைச் சூழ்ந்திருக்கும் ஸ்டேட்டர் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கும். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஆறு டயோடுகள் அதை நேர்திசையாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். ரோட்டாருக்குப் போகும் அந்தச் சின்ன மின்னோட்டத்தை, வெளியே வரும் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கூட்டிக் குறைத்தபடியே இருக்கும். சில ஆம்பியரைப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது ஆம்பியரை ஆட்டி வைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. இன்னும் பழைய வண்டிகளில் ஆல்டர்நேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். அது ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, அதிகம் சார்ஜ் செய்யாது. அப்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுங்கினால் பதற வேண்டாம், அதன் இயல்பு அது.

சரி, மீட்டரை எங்கே வைப்பது? இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் வையுங்கள். ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை நின்றால் சார்ஜிங் சரி. பேட்டரிக்குள் மின்னோட்டம் ஏற வேண்டுமென்றால், அதன் சொந்த மின்னழுத்தத்தைவிட வெளியே கூடுதலாக இருந்தாக வேண்டும். என் வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டதும் 12.9-க்கு இறங்கியது. அந்த அளவில் பேட்டரி பட்டினிதான்.

இந்த இடத்தில் பலரும் ஆல்டர்நேட்டரைக் கழற்றிவிடுவார்கள். நான் கழற்றாமல், ஹெட்லைட்டும் ஹீட்டர் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். இரண்டும் எர்த், அதாவது மின்னோட்டம் இன்ஜின், பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை, என்பதால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும், 0.2 வோல்ட்டுக்கு மேல் போனாலே சந்தேகப்படலாம். வந்தது 1.3. ஆல்டர்நேட்டர் தன் இடத்தில் 14.2 வோல்ட்டை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் ரெகுலேட்டர் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான், அதனால் அதற்குக் குறையே தெரியவில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் வயரைத் தேடிப் பிடித்தேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் வயர் முனையில் இருக்கும் லக் என்ற உலோக வளையத்துக்கு அடியில் துருவும், அதன் மேல் யாரோ எப்போதோ அடித்த பெயின்ட்டும் தெரிந்தன. கை வைத்தால் அந்த இணைப்பு மட்டும் சூடாக இருந்தது. கணக்குப் போட்டால் காரணம் புரியும்: 0.05 ஓம் மின்தடையில் 30 ஆம்பியர் பாய்ந்தால் 1.5 வோல்ட் போய்விடும். அது 45 வாட் வெப்பமாக அங்கேயே இறங்கும். அந்த 0.05 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடினால் கிடைக்காது. மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். பல இழை அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரும், இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மீட்டர் சோதனையில் 'பீப்' என்று சொல்லிவிடும். மின்னோட்டம் பாயும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும். பாசிட்டிவ் பக்கமும் இதே போல ஆல்டர்நேட்டரின் தடித்த வயர் முனையிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை அளக்க வேண்டும்.

டேஷ்போர்டின் பேட்டரி விளக்கும் நிறையச் சொல்லும். பல பழைய வண்டிகளில் ரோட்டாருக்கு முதல் மின்னோட்டமே அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஒரு சின்ன பல்ப் ஃபியூஸ் ஆனதால் ஆல்டர்நேட்டர் விழிக்காமலே சுற்றும். ஓடும்போது விளக்கு மங்கலாக எரிந்தால், டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்புண்டு.

ஓடும்போது எல்லா அளவும் சரியாக இருந்து, இரவில் மட்டும் பேட்டரி இறங்கினால் அதே டயோடுகளைப் பாருங்கள். கசியும் டயோடு வழியாகப் பேட்டரி ஸ்டேட்டருக்குள் பின்னோக்கி வடியும். இரவு முழுக்க நின்ற வண்டியில் எல்லாம் குளிர்ந்திருக்க, ஆல்டர்நேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் காரணம் அதுதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி நல்ல டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

லக்கையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கி, கிரீஸ் பூசினேன். இறங்கிப்போன பேட்டரியை ஆல்டர்நேட்டர் தலையில் கட்டாமல், முதலில் சார்ஜரில் மெதுவாக முழுக்க ஏற்றினேன். பிறகு ஹெட்லைட்டோடு அளந்தேன்: எர்த் பக்கம் 0.06, பேட்டரியில் 14.1.