காசநோய் மாத்திரை கல்லீரல் வைரஸைத் தடுக்குமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பாதி தீர்ந்த ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரை அட்டையையும் மேசையில் வைத்தார். அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி: கல்லீரலைத் தாக்கி, நாளடைவில் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய வைரஸ். மாத்திரை, டிபி வந்து குணமான பெரியப்பாவுடையது. "இது கேன்சர் வைரஸைத் தடுக்கும்னு படிச்சேன் டாக்டர். அம்மாவுக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்கவே கூடாது. ஆனால் அவர் படித்தது முழுக் கட்டுக்கதையும் இல்லை.

விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் சில வைரஸ்கள் தங்கள் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, செல்லின் மரபணுவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியை 1970இல் விஞ்ஞானிகள் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அந்த நொதியை எதைக் கொண்டு நிறுத்துவது என்ற தேடலில் ரிஃபாம்பிசினும் சிக்கியது. பாக்டீரியாவில் ஆர்என்ஏவை உருவாக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸைப் பிடித்து நிறுத்தும் மருந்து அது. வைரஸ் நொதியிடம் அதன் வேலை பெரிதாக எடுபடவில்லை. மூலக்கூறில் மாற்றம் செய்த சில வழிப்பொருள்கள் சோதனைக் குழாயில் நொதியை நிறுத்தின. சிக்கல் என்னவென்றால், அவை செல்லின் சொந்த நொதிகளையும் சேர்த்தே முடக்கின. அதனால் புற்றுநோய் வைரஸுக்கான மருந்தாக வரவில்லை.

வீட்டில் கிடக்கும் அட்டையில் இருப்பது அந்த வழிப்பொருள் அல்ல, சாதாரண ரிஃபாம்பிசின். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. ஏற்கெனவே வைரஸ் இருக்கும் கல்லீரலுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இன்னொன்றும் உண்டு: இதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். காமாலை தொடங்கினாலும் "மாத்திரை நிறம்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். டிபிக்காக இதைச் சாப்பிடுகிறவர்கள் பயந்து பாதியில் நிறுத்தவும் கூடாது, மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது.

அன்று தேடிய வழி வீணாகவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸும் பெருகுவதற்கு இதே வகை நொதியை நம்பியிருக்கிறது. அதை டெனோஃபோவிர் மாத்திரை தடுக்கிறது. கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. எல்லோருக்கும் உடனே தேவைப்படாது. வைரஸ் அளவையும் கல்லீரலின் நிலையையும் பார்த்துத்தான் தொடங்குவோம். தொடங்கினால் நாமாக நிறுத்தக் கூடாது.

அந்தத் தம்பியின் அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவருக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டிய தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். தாய்க்குப் பாசிட்டிவ் என்றால் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார் எதிர்ப்பொருள்) ஊசியும் சேர்த்துப் போடவேண்டும். பிரசவத்துக்குப் போகும்போதே பரிசோதனைச் சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.