தவில் தனிக்கு நடுவில் சத்தம் ஏன் அறுகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோயில் திருவிழா மேளக்கச்சேரி ஒன்றை இறுவட்டிலிருந்து எம்பி3 ஆக மாற்றி வைத்திருக்கிறாராம். கச்சேரி ஒரே ஓட்டம்தான், ஆனால் இறுவட்டில் அதைப் பல துண்டாக வெட்டியிருக்கிறார்கள். அவருடைய பழைய பிளேயரில் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் ஒரு கணம் அறுந்து, தவில் தனியில் தாளமே தடுமாறுகிறது. மகன் கணினியில் போட்டுக்கொடுத்த ஆடேசியஸ் என்ற கட்டற்ற மென்பொருளிலோ அதே கோப்புகள் வெட்டே தெரியாமல் ஓடுகின்றன. பிழை கோப்பிலா, பிளேயரிலா?

இரண்டிலும் இருக்கிறது. பிளேயர் பக்கம் சுலபம்: சில பிளேயர்கள் ஒரு கோப்பு முடிந்த பிறகுதான் அடுத்ததைத் திறக்கத் தொடங்கும், அந்த நேரம் முழுக்க மௌனம். ஆடேசியஸ், ஸ்ட்ராபெரி போன்றவை முதல் கோப்பு முடியுமுன்னரே அடுத்ததை அவிழ்த்துத் தயாராக வைத்துக்கொள்ளும். சரி, அது மட்டும் போதுமா என்றால் எம்பி3க்குப் போதாது, ஏனென்றால் கோப்புக்குள்ளேயே கொஞ்சம் மௌனம் ஒளிந்திருக்கிறது. அது ஏன் அங்கே வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இறுவட்டில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியலையை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள். எம்பி3 குறியாக்கி, அதாவது ஒலியைச் சுருக்கி எம்பி3 கோப்பாக்கும் மென்பொருள், அதை முதலில் 32 அலைவரிசைப் பட்டைகளாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு பட்டையிலும் வழக்கமாக 36 மாதிரிகளை ஒரு தொகுதியாக எடுத்து 18 எண்களாக மாற்றுகிறது. அடுத்த முறையும் 36 எடுக்கும், ஆனால் அதில் 18 ஏற்கெனவே எடுத்தவை. ஓட்டுக்கூரையில் ஒரு ஓட்டின் பாதி அடுத்ததற்குக் கீழே போவது போல, ஒவ்வொரு மாதிரியும் இரண்டு தொகுதிகளில் இடம்பிடிக்கிறது.

36 எண்ணை 18 ஆக்கினால் பாதித் தகவல் போய்விடுமே? போகத்தான் செய்கிறது. ஒரு தொகுதியைத் தனியே அவிழ்த்தால் உண்மையான ஒலியோடு அதன் கண்ணாடிப் பிம்பமும், அதாவது முன்பின்னாகத் திருப்பிய அதே ஒலியும், கலந்து வரும். அதிசயம் இங்கேதான்: தொகுதியின் பின்பாதியில் பிம்பம் கூட்டலாக வருகிறது, முன்பாதியில் கழித்தலாக வருகிறது. ஒரு தொகுதியின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும் ஒரே இடத்தில் படிகின்றன அல்லவா, அவற்றைக் கூட்டினால் பிம்பங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிஞ்சும் ஒலியின் அளவு சரியாக இருக்க வேண்டுமே என்றால், ஒவ்வொரு தொகுதியையும் 18 எண்களாக மடிக்குமுன் ஒருமுறையும் அவிழ்த்தபின் ஒருமுறையும் சைன் வளைகோட்டால் பெருக்குகிறார்கள். ஆக, படியும் இடத்தில் ஒன்று சைன் வர்க்கமாக ஏறுகிறது, மற்றது கோசைன் வர்க்கமாக இறங்குகிறது. பாடசாலைக் கணிதத்தில் நம்மில் பலரும் மனப்பாடம் செய்தோமே, இரண்டு வர்க்கத்தையும் கூட்டினால் 1! அதே சமன்பாடுதான் உங்கள் நாதஸ்வரத்தை இழை பிசகாமல் ஒட்டுகிறது. ஜோன் பிரின்சென், அலன் பிராட்லி இருவரும் 1986 இல் இந்த வழியை வெளியிட்டார்கள். இந்தப் படியில் ஒன்றுமே தொலையவில்லை. தரம் குறைவது இதற்குப் பிறகு, காதுக்கு முக்கியமில்லாத எண்களைப் பருமட்டாக்கும்போதுதான்.

ஆனால் முதல் தொகுதியின் முன்பாதிக்குச் சோடி யார்? யாரும் இல்லை, பிம்பம் அழியாமல் அப்படியே நிற்கும். அதனால் குறியாக்கி தொடக்கத்தில் கொஞ்சம் மௌனத்தைச் சேர்க்கிறது. லேம் என்ற கட்டற்ற குறியாக்கி வழக்கமாக 576 மாதிரிகள் சேர்க்கும், அவிழ்க்கும்போது இன்னொரு 529 தாமதம் கூடும், மொத்தம் 1105, ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்கு. கடைசியிலும் மௌனம் உண்டு, ஏனென்றால் எம்பி3 கோப்பு சட்டகம் என்ற சம அளவுத் துண்டுகளால் ஆனது, ஒரு சட்டகம் 1152 மாதிரி கொண்டது, பாட்டு அந்த மடங்கில் முடியாவிட்டால் மிச்சத்தைப் பூச்சியத்தால் நிரப்ப வேண்டும்.

1993 இல் வந்த எம்பி3 தரநிலையில் இந்த அளவுகளை எழுதிவைக்க இடமே இல்லை. லேம் செய்தவர்கள் கோப்பின் முதல் சட்டகத்தில் 3 பைட்டுக்குள் அதை அடக்கினார்கள்: முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு. ஆடேசியஸ் அதைப் படித்து அவ்வளவையும் வெட்டி எறிகிறது. படிக்காத பிளேயர் மௌனத்தையும் சேர்த்து ஒலிக்கவிடுகிறது.

விலை கூடிய கேபிள் போட்டால் இந்த அறுப்புப் போய்விடும் என்று சொல்லி விற்பவர்களைத் திருகோணமலையிலும் பார்த்திருக்கிறேன். கோப்பு எங்கே முடிகிறது என்று ஒரு செப்புக் கம்பிக்குத் தெரியவே தெரியாது. தயவுசெய்து அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். நான் இதையெல்லாம் ஆணித்தரமாகச் சொல்ல முடிவதே இந்த மென்பொருள்களின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால்தான். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பிளேயரைத் திறந்து காட்டி, அந்த 3 பைட் எங்கே படிக்கப்படுகிறது என்று தேடச் சொல்ல வேண்டும். நம்முடைய பாடசாலைகள் இதற்கு நேரமும் பணமும் ஒதுக்கினால் எவ்வளவு நல்லது.

வாசகருக்கு ஒரு வேலை: கோப்புகளை வேறு குறியாக்கியில் செய்து அந்தக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால் எந்தப் பிளேயராலும் சரியான இடத்தில் வெட்ட முடியாது. இறுவட்டு கீறல் படாமல் இருக்கும்போதே அதை ஃபிளாக் என்ற, எதையும் இழக்காமல் ஒலியைச் சுருக்கும் வடிவில் மறுபடி எடுத்துவிடுங்கள். அதில் மொத்த மாதிரி எண்ணிக்கை கோப்பின் தலைப்பிலேயே எழுதப்படும், மௌனம் சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. அப்புறம் இரண்டு துண்டுகளை ஆடேசியஸில் அடுத்தடுத்துப் போட்டு, வெட்டு விழும் இடத்தைத் தலையணி மாட்டிக் கேட்டுப்பாருங்கள்.