சுரண்டினால்தான் எழுத்து: காக்பிட் பேனல் ஒளிரும் விதம்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக வீட்டிலேயே போயிங் 737 காக்பிட் (விமானி அறை) கட்டுகிறவர்கள் பலர், சுவிட்சுகளின் பெயர்களை ஸ்டிக்கராக ஒட்டிவிடுகிறார்கள். பகலில் அது போதும். அறை விளக்கை அணைத்ததும் எதுவும் தெரியாது. நிஜ விமானத்தில் அதே எழுத்து பகலில் வெள்ளையாகத் தெரியும், இரவில் ஒளிரும். அது பெயின்ட்டால் எழுதியதல்ல, பெயின்ட்டைச் சுரண்டி எடுத்த இடம்.

5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி போன்ற அக்ரிலிக் சீட்டை எடுத்து, முன்பக்கம் மெல்லிசாக வெள்ளை ஸ்ப்ரே அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு அதன்மேல் சாம்பல் நிறம். 737-க்குப் பலரும் தேர்ந்தெடுப்பது ஆர்.ஏ.எல். என்ற நிறப் பட்டியலில் 7011 எண்ணுள்ள சாம்பல். அப்புறம் லேசர், எழுத்து வடிவில் சாம்பலை மட்டும் எரித்து எடுத்துவிடும், அடியில் வெள்ளை தெரியும்.

இதற்கு ஊர் தாண்டிப் போக வேண்டியதில்லை. பெயர்ப்பலகையும் ஷீல்டும் செய்யும் லேசர் கடைகள் கோவை, ஈரோடு, திருப்பூரில் தாராளமாக இருக்கின்றன. “ஒரு ஓட்டு போதுங்களா, ரெண்டு ஓட்டறதுங்களா?” என்று கேட்பார்கள், லேசரை ஒரே இடத்தில் எத்தனை முறை ஓட்டுவது என்றுதான். பதில் சொல்வதற்கு முன், அதே பெயின்ட் அடித்த துண்டு ஒன்றில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பவர் கூடினால் வெள்ளையும் போய்விடும். பி.வி.சி. சீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் மெஷினுக்கும் கேடு.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி விளக்கு வைக்கும் இடம். எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை சீட்டுக்குப் பின்னால் ஒட்டினால், நேர் எதிரே உள்ள எழுத்து பளிச்சென்றும் தள்ளியுள்ள எழுத்து மங்கியும் தெரியும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. அதனால் காற்றிலிருந்து தட்டையான பின்பக்கம் வழியாக நுழையும் ஒளி, சீட்டின் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 42 டிகிரிக்கு மேல் சாய முடியாது. நேராக முன்பக்கம் போய்விடும். பின்பக்கமிருந்து பாதி ஆழத்துக்குத் துளை போட்டு எல்.இ.டி.யை உள்ளே இறக்கினால் கதையே வேறு. துளையின் பக்கச் சுவர் வழியாக நுழையும் ஒளி அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 48 டிகிரி சாய்ந்திருக்கும். 42-ஐத் தாண்டியதால் பின்பக்கத்தில் முழு அக எதிரொளிப்பு, அதாவது ஒளி முழுக்க உள்ளேயே திரும்பிவிடும், வெளியேற வழியில்லை. முன்னால் வெள்ளைப் பெயின்ட்டில் பட்டுச் சிதறி, சீட் முழுக்கப் பரவும். சுரண்டிய இடத்தில் மட்டும் வெளியே வரும். எல்.இ.டி.யின் வட்டத் தலையை எமரி பேப்பரில் தேய்த்துத் தட்டையாக்குங்கள், ஒளி பக்கவாட்டிலும் பரவும். சீட்டின் ஓரங்களுக்கும் சுவிட்ச் துளைகளின் உட்சுவருக்கும் வெள்ளையும் சாம்பலும் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒளி கசியும்.

737 பேனல்களில் 5 வோல்ட் இழை பல்புகள் இருந்ததால் ஒளி மஞ்சள் கலந்திருக்கும். நீல வெள்ளையை விட வார்ம் ஒயிட் எல்.இ.டி.தான் சரி. ஒளியைக் குறைக்க ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டே போதும். அதில் விளக்கை வேகமாக அணைத்து எரியவிட்டு ஒளியைக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். பின்கள் (இணைப்பு முனைகள்) உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நொடிக்கு சுமார் 490 முறை அணைத்து எரியவிடும், கண்ணுக்கு மினுக்கல் தெரியாது. எல்.இ.டி.க்கள் நிறைய இருந்தால் நடுவே ஒரு மாஸ்ஃபெட் (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் மின்னணு சுவிட்ச்) போடுங்கள். ஒரு பின் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்க வேண்டிய நிலை வரக்கூடாது.