கருணைக்கொலையில் ‘கொலை’ எங்கிருந்து வந்தது?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அத்தை இருக்கிறார். மகனோடு வேலூரிலிருந்து வந்தவர். “ஐசியூல குழாயைச் சொருகி வெச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கக்கூடாது. இப்பவே எழுதி வெச்சிடறேன்” என்று ஒரே பிடிவாதம். மேயோ ஹால் கோர்ட் பக்கம் ஒரு நோட்டரியிடம் கூட்டிப் போனேன். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, “ஓ, தயாமரணா?” என்றார் கன்னடத்தில்.

“மரணம்னு புரியுது, முன்னாடி என்னமோ சொன்னாரே?” என்றார் அத்தை.

“கருணைக்கொலையான்னு கேக்கறார்” என்று சொல்லித் தொலைத்தேன். அத்தை பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். “கொலையா? யாரு யாரைக் கொல்றது?”

நியாயமான கேள்வி. கன்னடத்தில் ‘தயாமரண’, தெலுங்கில் ‘காருண்ய மரணம்’, இந்தியில் ‘இச்சாம்ருத்யு’. இவற்றில் ஒருவர் சாகிறார், அவ்வளவுதான். தமிழில் மட்டும் ஒருவர் கொல்கிறார். துணைக்கு மலையாளத்தின் ‘தயாவதம்’ உண்டு. நம் சொல் ‘மெர்சி கில்லிங்’ என்பதை அப்படியே பெயர்த்தது. ‘கில்லிங்’ கொலையாக வந்து உட்கார்ந்துகொண்டது; கொலை என்றால் நமக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 302-ம் போலீஸும்தான் நினைவுக்கு வரும். தூக்கிலிருந்து தப்பிக்கக் கொடுப்பதும் ‘கருணை’ மனுதான் என்பது வேறு வேடிக்கை.

மூலச்சொல்லான யூதனேசியாவில் கொலையே கிடையாது. கிரேக்கத்தில் ‘யூ’ என்றால் நல்ல, ‘தானடோஸ்’ என்றால் சாவு. யாராவது வலியில்லாமல் சட்டென்று போய்விட்டார் என்று கேள்விப்பட்டால், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தனக்கும் தன் வீட்டாருக்கும் அதேபோல் வாய்க்க வேண்டும் என்று வேண்டுவாராம். அதற்கு அவர் சொன்ன சொல் இதுதான் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். நம் பாட்டிகள் ‘அனாயாச மரணம்’ கேட்டதும், ‘கையும் காலும் நல்லா இருக்கும்போதே போயிடணும்’ என்றதும் இதே யூதனேசியாதான். 17-ம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் இதை வைத்தியர் பக்கம் கொண்டுவந்தார். சாகிறவரின் வலியைக் குறைப்பதும் வைத்தியரின் வேலை என்றார். மருந்து கொடுத்து உயிரை முடிப்பது என்ற பொருள் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஜெர்மனி இந்தச் சொல்லைக் கெடுத்தது. மனநோயாளிகளும் ஊனமுற்றவர்களுமாக 70,000-க்கும் மேற்பட்டோரை 1940, 41-ல் நச்சுவாயு அறைகளில் கொன்றுவிட்டு, நாஜிகள் அதற்கு இட்ட பெயர் யூதனேசியா. இன்றும் ஜெர்மானியர்கள் அந்தச் சொல்லைத் தொடத் தயங்குவார்கள். அவர்கள் சொல்வது ‘ஷ்டெர்பெஹில்ஃப’, அதாவது இறப்புக்கு உதவி. அதில், தற்கொலைக்குத் தொழில்முறையாக உதவுவதற்கு இருந்த குற்றவியல் தடையை அவர்களின் அரசமைப்பு நீதிமன்றம் 2020-ல் நீக்கியது.

நெதர்லாந்தின் கதை வேறு. படுத்த படுக்கையாகிச் சாவைக் கேட்டுக்கொண்டிருந்த தாய்க்கு மார்பின் போட்டு முடித்த ஒரு பெண் மருத்துவருக்கு, 1973-ல் ஒரே வாரச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அங்கிருந்து 2002-ல் சட்டமாகும்வரை அவர்கள் விவாதித்தது மருத்துவரின் கடமையைப் பற்றி. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘வேண்டுகோளின்படி’ என்ற சொல் உண்டு. சுவிட்சர்லாந்தில் தனிச்சட்டமே இல்லை. சுயநலத்துக்காகத் தற்கொலைக்கு உதவினால்தான் குற்றம் என்று 1942 முதல் அமலில் இருக்கும் குற்றச்சட்டம் விட்ட சந்துதான் வழி.

சொல் நன்றாக இருந்தால் சட்டமும் வந்துவிடும் என்றும் இல்லை. சீனமும் ஜப்பானியமும் எழுதும் சொல்லின் நேர்ப்பொருள் ‘அமைதியான, சுகமான சாவு’. இரு நாடுகளிலும் அதற்கு அனுமதி கிடையாது. ‘வதம்’ என்று சொல்லும் கேரளம்தான் 2008-லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்த முதல் மாநிலம்.

இந்தியாவில் விவாதம் சூடுபிடித்தது மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவிழந்தவர். அவரைச் சாகவிடும்படி கேட்ட மனுவை 2011-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது; அவரை இத்தனை காலம் பார்த்துக்கொண்ட சக செவிலியர்கள் சம்மதிக்கவில்லை. ஆனால் அதே தீர்ப்புதான் சிகிச்சையை விலக்கிக்கொள்ள வழி திறந்தது. 2018-ல் அது உரிமையானது, 2023-ல் நடைமுறை எளிதானது, 2025 ஜனவரியில் அதைச் செயல்படுத்தச் சொல்லிக் கர்நாடகம் சுற்றறிக்கை விட்டது. ஊசி போட்டு முடிப்பதற்கு இந்தியாவில் இன்றும் இடமில்லை.

ஆக, அத்தை எழுதவந்ததைக் ‘கருணைக்கொலை’ என்பது தப்பு. அதற்கு ‘சிகிச்சை விலக்கல்’ போதும். நோயாளி தானே கேட்டு, மருத்துவர் துணையோடு முடித்துக்கொள்வதை ஜெர்மானியர் வழியில் ‘இறப்புதவி’ எனலாம். ‘நல்லிறப்பு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். கிரேக்கத்துக்கு நெருக்கம்தான், ஆனால் எனக்கு அது மரண அறிவித்தல் மாதிரி கேட்கிறது. கருணைக்கொலையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். விருதுநகர் பக்கம் படுத்துக்கிடக்கும் கிழவரைக் கேட்காமலே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் இருக்கிறதே, அதற்கு அச்சொல் அப்படியே பொருந்தும்.

நோட்டரி காத்திருந்தார். ‘சிகிச்சை விலக்கல்’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அத்தையிடம் நீட்டினேன். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். நானும் மாடிவீட்டுப் பையனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். பேனாவை எடுக்குமுன் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்:

“குழாயைத்தானே எடுப்பாங்க? கடைசியில பால் ஊத்தறதைத் தடுக்கமாட்டாங்கல்ல?”